'சொன்னால் பரிசு' மறுபடி வந்த கதை

கருக்கம்பாளையத்துக்காரர்களிடம் ஒரு வேலையைச் சொன்னால் போதும், சொன்னபடியே செய்து முடித்துவிடுவார்கள். கூடவும் செய்ய மாட்டார்கள், குறைக்கவும் மாட்டார்கள். அந்த ஊருக்கு இதுவரை வந்த சோதனைகளெல்லாம் இந்த வழியாக வந்தவைதாம்.

அங்கே செங்காந்தள் டிவி என்று ஒரு கேபிள் சேனல் உண்டு. முதலாளி தெய்வசிகாமணி, மஞ்சள் வியாபாரி. சேனலில் வேலை செய்வது மூன்று பேர். கேமரா நாச்சிமுத்து, பேசுவது கோகிலவாணி, மிச்சமிருந்த ஆள் சென்னியப்பன் என்பதால் அவர் டைரக்டர்.

சேனலைப் பார்க்க நாதியில்லாமல் போன ஒரு நாளில் முதலாளி மூவரையும் கூப்பிட்டார்.

"ஏப்பா, அந்தக் காலத்துல ஞாயித்துக்கிழமை சாயங்காலம் நம்ம டிவியில 'சொன்னால் பரிசு'ன்னு ஒரு கேள்வி பதில் ஓடுமே, அதை மறுபடியும் கொண்டு வரோணும். பழசு எப்படி இருந்துதோ அச்சு அசலா அப்படியே இருக்கோணும். ஒரு துளி மாறுச்சு, ஸ்டுடியோவை மஞ்சள் குடோன் ஆக்கிப்போடுவேன், ஆமா!"

 இந்த வேலை போனால் சென்னியப்பன் மாமனாரின் கோழித்தீவனக் கடையில் போய் உட்கார வேண்டும். முன்பு ஒரு தடவை உட்கார்ந்தவர்தான். "மாப்பிள்ளை, வந்தவங்க எது கேட்டாலும் இல்லைன்னு சொல்லாம குடுங்க" என்று மாமனார் சொல்லிவிட்டு வெளியே போனார். பக்கத்துத் தெருக்காரர் ஒருவர் வந்து தராசைக் கேட்டார். சென்னியப்பன் கொடுத்துவிட்டார். மாமனார் திரும்பி வந்து பார்த்த பார்வையை நினைத்தால் அவருக்கு இன்றைக்கும் சோறு இறங்காது.

பழைய கேசட்டுகள் ஒரு சாக்கில் வரிசையாகக் கிடந்தன. வாரம் ஒரு கேசட்டைப் போட்டுப் பார்ப்பது, பார்த்ததை அப்படியே நேரலையில் நடத்துவது என்று முடிவானது.

"எல்லாத்தையும் ஒரே மூச்சுல பார்த்துப்போடலாமுங்களா?" என்றாள் கோகிலவாணி.

"அதெப்படிம்மா? அப்போ நடத்துனவங்க அடுத்த வாரத்தை இந்த வாரமே பார்த்திருப்பாங்களா?" என்றார் சென்னியப்பன். நியாயம்தான் என்று மற்ற இருவரும் தலையாட்டினார்கள்.

முதல் கேசட்டில் நிகழ்ச்சி நடத்தியவருக்கு அடர்த்தியான மீசை. மற்ற இருவரும் கோகிலவாணியின் முகத்தைப் பற்றிக் கவலையோடு யோசித்தார்கள். கோகிலவாணியும் யோசித்தாள். பிறகு நாடக சாமான் கடையில் ஒரு மீசையை வாங்கி ஒட்டிக்கொண்டு, கண்ணாடியில் பார்த்து, "கொஞ்சம் சிறுசா இருக்குதுங்க" என்று போய் மாற்றிக்கொண்டும் வந்தாள்.

அடுத்து போட்டியாளர். கேசட்டில் இருந்தவருக்கு இடது கையில் மாவுக்கட்டு. இப்போது வந்திருந்தவர் பைபாஸ் ரோட்டில் பேக்கரி வைத்திருக்கும் சம்பத். இரண்டு கையும் நன்றாக இருந்தது. அவருக்கு மாவுக்கட்டுப் போட்டார்கள். ஆனால் நாச்சிமுத்துவுக்கு மனசு ஒப்பவில்லை.

"அண்ணா, மேலே கட்டு இருக்குது, சரி. உள்ளே முறியலையே?"

"அதுவும் வேணுமா?"

"முதலாளி அச்சு அசலான்னு சொன்னாருங்களே."

சம்பத் எழுந்து கதவுப் பக்கம் நகர்ந்தார்.

சென்னியப்பன் கண்ணை மூடி வெகுநேரம் யோசித்தார். "நாச்சிமுத்து, உன்ற கேமராவுல எலும்பு தெரியுமா?"

"தெரியாதுங்கண்ணா."

"அப்போ கேசட்டுல இருந்தவருக்கும் எலும்பு முறிஞ்சுதா இல்லையான்னு நமக்குத் தெரியாது. தெரியாததை நாமளா சேர்க்கக்கூடாது." சம்பத் திரும்பி வந்து உட்கார்ந்தார். சென்னியப்பன் போல ஒரு டைரக்டர் கிடைத்தது அவர் கைக்கு நல்ல காலம்.

கேசட்டில் பாதியில் கரண்ட் போயிருந்தது. அதற்காக நாச்சிமுத்து தெருவுக்கு ஓடி, ட்ரான்ஸ்பார்மரில் ஃபியூஸைப் பிடுங்கினான். ஊர் முழுக்க இருண்டது. கருக்கம்பாளையமே இருட்டில் டிவி முன்னால் உட்கார்ந்து, "பழைய மாதிரியே இருக்குதப்பா" என்று கண் கலங்கியது.

கரண்ட் வந்ததும் கோகிலவாணி மீசையைத் தடவிக்கொண்டு அடுத்த கேள்வியைக் கேட்டாள். "நமது ஊர்ப் பேருந்து நிலையம் எங்கே இருக்கிறது?"

சம்பத்துக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "பைபாஸ்ல இருக்குதுங்க. என்ற பேக்கரிக்கு நேர் எதிரே."

"தவறான விடை. சரியான விடை, குளத்தங்கரை."

குளத்தங்கரையில் இருந்தது அந்தக் காலம். பஸ் ஸ்டாண்டை இடம் மாற்றி எத்தனையோ வருஷம் ஆகிவிட்டது.  ஆனாலும் டிவியில் சொல்லிவிட்டார்களே. மறுநாள் விடிந்ததும் அவர் பேக்கரியைப் பெயர்த்துக்கொண்டு குளத்தங்கரைக்குப் போனார். அங்கே ஏற்கெனவே ஊர் சனம் மூட்டை முடிச்சோடு பஸ்ஸுக்காக நின்றிருந்தது. சற்று நேரத்தில் பஸ்களும் வந்து சேர்ந்தன. டிரைவர்களும் நிகழ்ச்சியைப் பார்த்தவர்கள்தானே.

தெய்வசிகாமணிக்குத் தலைகால் புரியவில்லை. "நம்ம டிவி சொன்னா பஸ்ஸே கேக்குதுடா!" என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தார். ஜவுளிக்கடைக்காரரும் மெத்தைக்கடைக்காரரும் விளம்பரம் கொடுக்க வாசலில் முட்டி மோதினார்கள். சென்னியப்பனின் மாமனார்கூட, "எங்க மாப்பிள்ளை டைரக்டருங்க" என்று தீவனம் வாங்க வந்தவர்களிடமெல்லாம் சொல்ல ஆரம்பித்தார். சென்னியப்பன் வாழ்க்கையில் முதல் முறையாக நிம்மதியாகச் சாப்பிட்டார்.

வாரங்கள் ஓடின. சாக்கில் ஒரே ஒரு கேசட் மிஞ்சியது. அதைப் போட்டார்கள். மீசைக்காரர் திரையில் வந்து கைகூப்பினார்.

"அன்பர்களே, போதிய ஆதரவு இல்லாத காரணத்தால் இந்நிகழ்ச்சி இன்றோடு நிறுத்தப்படுகிறது."

சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டார். அதற்குப் பிறகு வெறும் மேடைதான் தெரிந்தது. கேசட் தீரும்வரை அதுவேதான்.

நாச்சிமுத்து சாக்கைக் கவிழ்த்து உதறிப் பார்த்தான்.

"நமக்குத்தான் ஆதரவு கொட்டுதுங்களே அண்ணா?" என்றான் நாச்சிமுத்து.

 சென்னியப்பனுக்குக் கோழித்தீவன வாடை மூக்கில் ஏறுவது போலிருந்தது. அழுதே விட்டார். அழுதுகொண்டே சொன்னார்: "ஒரு துளி மாறக்கூடாதுன்னு முதலாளி சொல்லியிருக்காரு. நம்ம பொழப்புக்காக மாத்தலாமா? நிறுத்திப்போடலாம்."

ஞாயிற்றுக்கிழமை கோகிலவாணி கைகூப்பி அறிவித்தாள். ஊரே வாயைப் பிளந்தது. தோசை தின்றுகொண்டிருந்த முதலாளி கைகூடக் கழுவாமல் ஓடி வந்தார்.

"ஏன்டா நிறுத்துனீங்க?"

"ஆதரவு இல்லீங்க முதலாளி" என்றார் சென்னியப்பன்.

"வெளியே விளம்பரக்காரன் வரிசையில நிக்கிறான்டா!"

"அது இப்போங்க. அப்போ இல்லீங்களே."

"அடுத்த வாரமே திரும்ப ஆரம்பிக்கோணும், சொல்லிட்டேன்!"

சென்னியப்பன் பணிவாகக் கேட்டார். "பழைய நிகழ்ச்சி நின்னு, மறுபடி எப்போங்க ஆரம்பிச்சோம்?"

முதலாளி விரல் விட்டு எண்ணினார். "பதினெட்டு வருஷம் கழிச்சு."

"அதையே செஞ்சுபோடலாமுங்க."

தெய்வசிகாமணி நாற்காலியில் உட்கார்ந்தார். சட்னிக் கையால் தாடையைத் தடவினார். அவரும் கருக்கம்பாளையத்தில் பிறந்து வளர்ந்தவர்தான். தாம் சொன்ன சொல்லை எல்லாப் பக்கமும் திருப்பிப் பார்த்தார். அதில் ஓட்டை எதுவும் அவருக்குத் தெரியவில்லை.

"சரி" என்றார் கடைசியில். "ஆனா ஒண்ணு. பதினெட்டு வருஷம் கழிச்சு ஆரம்பிக்க ஆள் வேணுமே! அதுவரைக்கும் ஒருத்தரும் வேலையை விட்டு அந்தாண்ட இந்தாண்ட போகக்கூடாது. மாசாமாசம் வந்து சம்பளத்தை வாங்கிட்டு, சும்மா உட்கார்ந்திருக்கோணும்."

சென்னியப்பனுக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன. வேலை பிழைத்தது! கோயிலுக்குப் போய்த் தேங்காய் உடைத்துவிட்டு, நேரே மாமனார் வீட்டுக்கு நல்ல சேதி சொல்லப் போனார்.

மாமனார் கையைக் காட்டிப் பேசாமலிருக்கச் சொன்னார். டிவி ஓடிக்கொண்டிருந்தது. கேசட்டில் இருந்தபடியே நாச்சிமுத்து கேமராவை அணைக்காமல் விட்டிருந்தான். திரையில் ஆளில்லாத மேடை. மாமனார் நெற்றியைச் சுருக்கி, மூச்சுக்கூட விடாமல் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"மாப்பிள்ளை, இந்த வாரம் கேள்வி ரொம்பக் கஷ்டமுங்க" என்றார் மெல்ல. "கேக்க வந்தவங்களே பதில் தெரியாம எந்திரிச்சுப் போயிட்டாங்க."