கேட்டுச் செய்த குளம்

மருதவனம் என்று ஒரு சின்ன நாடு. அதன் அரசர் விசயமாறருக்கு நல்ல மனசு, பொறுமைதான் கொஞ்சம் மட்டு. ஒருநாள் அவருக்குத் திடீரென்று மலைக்குடிகளின் நினைவு வந்தது. உடனே அமைச்சர் பேரருளாளரைக் கூப்பிட்டார்.

"மலையில் இருப்பவர்களுக்கு ஏதாவது நல்லது செய்ய வேண்டும். ஆனால் நாமாக எதையும் செய்யக் கூடாது. அவர்களைக் கேட்டுத்தான் செய்ய வேண்டும். இது என் ஆணை!"

சபைக்கே புல்லரித்துப் போயிற்று. அமைச்சர் பல்லக்கில் கிளம்பி மலையடிவாரம் வரை போய்விட்டு, சாயங்காலமே திரும்பி வந்தார்.

"கேட்டீரா?"

"கேட்டேன் அரசே. தண்டோரா போட்டு எல்லாரையும் அடிவாரத்துக்கு வரவழைத்து, 'உங்களுக்கு என்ன வேண்டும்?' என்று வாய்விட்டுக் கேட்டேன்."

"பலே! என்ன செய்யப் போகிறோம்?"

"கல் படிக்கட்டோடு பெரிய குளம். தங்கள் பெயரையே வைத்துவிடலாம்."

அரசர் முகம் மலர்ந்தது. தம் பெயரில் ஒரு குளம் என்றதும் 'அவர்கள் என்ன சொன்னார்கள்?' என்ற அடுத்த கேள்வி அவருக்கு மறந்தே போயிற்று.

குளம் வெட்ட நாள் குறித்தார்கள். முதல் மண்வெட்டி போட அரசரே மலையேறுவதாக ஏற்பாடு. விருந்துக்கு ஆயத்தம் செய்ய அரசவை விகடர் பூவணர் முன்னதாகவே போய்ச் சேர்ந்தார். அங்கே தினைக்கொல்லை நடுவில் குளத்துக்கு அளவு பார்த்து முளைக்குச்சி அடித்திருந்தது. கதிர் பால் பிடித்து நின்றது. ஊர்த்தலைவி நஞ்சி இடுப்பில் கை வைத்து நின்றாள்.

"குளம் கேட்டது யாரு சாமி? எங்க ஓடையில வருசம் பூரா தண்ணி ஓடுது. இந்தக் கொல்லைய வெட்டிப்புட்டா நாங்க எதைத் தின்னுறது?"

"பின்னே உங்களுக்கு என்னதான் வேண்டும்?"

"கீழ ஆத்துக்கு ஒரு பாலம். போன மழையில என் மருமவளுக்கு வலி எடுத்துச்சு. ஆத்தைத் தாண்ட முடியாம இக்கரையிலேயே கெடந்தா. பிள்ளை தங்கல."

"அமைச்சர் வந்து கேட்டாராமே?"

"கேட்டாரு. நாங்க வாயத் தொறக்குறதுக்குள்ள பல்லக்கு கிளம்பிருச்சு."

பூவணர் ஒரு வழி யோசித்தார். நேரே போய் அரசரிடம் சொல்லலாமே என்பீர்கள். சொன்னால், 'அதுதான் கேட்டாயிற்றே!' என்பார் அரசர்.

மறுநாள் உச்சிவெயில். பல்லக்கு ஏறாத பாதையில் நடந்து வந்த அரசருக்கு வியர்வை ஆறாக ஓடியது, பசி வயிற்றைக் கிள்ளியது. பூவணர் ஓடி வந்து கும்பிட்டார்.

"அரசே, தங்களுக்கு என்ன வேண்டும்?"

"முதலில் மோர். அப்புறம் சோ..."

பூவணர் அங்கே இல்லை. திரும்பி வந்தபோது தோள் நிறையக் கம்பளி. ஒவ்வொன்றாக எடுத்து அரசர் மேல் பக்தியோடு போர்த்தத் தொடங்கினார்.

"அடப்பாவி! நிறுத்து! யாரைக் கேட்டு இதைச் செய்கிறாய்?"

"தங்களைக் கேட்டுத்தான் அரசே."

"கேட்டாய் சரி. நான் சொன்னதைக் கேட்டாயா?"

"அதற்கு ஆணை இல்லையே! 'கேட்டுச் செய்' என்று ஒரே ஒரு 'கேட்டு'தானே ஆணையில் இருக்கிறது? அமைச்சர் அந்த ஒன்றை வைத்தே குளம் வரை வந்துவிட்டார். நான் கம்பளியோடு நின்றுவிட்டேன்."

அரசர் தம்மோடு வந்திருந்த அமைச்சரைப் பார்த்தார். அமைச்சர் தினைக்கதிரை மிகவும் அக்கறையாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அரசர் கம்பளிகளைத் தள்ளிவிட்டு, ஊராரோடு நின்ற நஞ்சியின் முன்னே தரையிலேயே உட்கார்ந்தார். "நீ சொல்லு தாயே. எல்லாம் சொல்லி முடித்த பிறகுதான் எனக்குச் சோறு" என்றார்.

நஞ்சி சொன்னாள். ஒன்றும் விடாமல் சொன்னாள். பசியோடு கேட்ட அரசர் மருமகள் கதை வந்தபோது பசியையே மறந்தார். முளைக்குச்சிகளைப் பிடுங்கச் சொன்னார். பாலம் எங்கே, எப்படி என்று ஊர் சொல்லும், அதன்படி கட்டவேண்டியது அமைச்சர் பொறுப்பு என்று ஆணையிட்டார்.

அப்புறம் பூவணரைக் கூப்பிட்டார். "இன்று என் கண்ணைத் திறந்தாய். உனக்கு என்ன பரிசு வேண்டும்?"

பூவணர் ஆசையாக வாயைத் திறந்தார். அதற்குள் அரசர், கீழே கிடந்த கம்பளிகள் எல்லாவற்றையும் அள்ளி அவர் மேல் போர்த்திவிட்டு, வயிறு குலுங்கச் சிரித்தபடி சாப்பிடப் போய்விட்டார்.