தவமணிக்குப் பதில் நிவாஷினி

சிவநேசனுக்கு நாலு நாளாகச் சோறு இறங்கவில்லை. வீட்டில் சண்டை இல்லை, உடம்புக்கும் ஒன்றுமில்லை. உடுமலையிலிருந்து வந்த ஒரு கடிதம்தான் மனுஷனை இந்தப் பாடு படுத்தியது.

பழநியில் ஒரு பெண்கள் கூடைப்பந்து அணி இருந்தது. கோச் மெகருன்னிசா டீச்சர். துணை கோச் சிவநேசன். வயதில் டீச்சரைவிட இரண்டு வருஷம் மூத்தவர். ஆனாலும் இந்தத் தொழிலில் அ, ஆ கற்றுக்கொண்டது டீச்சரிடம்தான். அவர் பேச்சைத் தட்டமாட்டார். கேள்வி மட்டும் கேட்டுக்கொண்டே இருப்பார்.

உடுமலை அணியின் கோச் லூர்துசாமி எழுதியிருந்தார்: உங்கள் தவமணியைக் கொடுங்கள், எங்கள் நிவாஷினியை எடுத்துக்கொள்ளுங்கள். லீக் விதிப்படி ஒரு சீசனுக்கு ஒருத்தரை இப்படி மாற்றிக்கொள்ளலாம். சனிக்கிழமை மாலை ஐந்து மணிக்குள் இரண்டு கோச்சும் கையெழுத்திட்ட கடிதம் லீக் ஆபீசுக்குப் போய்ச் சேர வேண்டும்.

நிவாஷினி மேட்சுக்கு இருபத்து நாலு பாயிண்ட் அடிக்கிறவள். தவமணி மூன்று அடித்தால் அன்றைக்கு அதிசயம்.

செவ்வாய்க்கிழமை சிவநேசன் கேட்டார். "டீச்சர், இந்த மாத்து நம்ம டீமுக்கு நல்லதுதானே?"

டீச்சர் பந்துக்குக் காற்று அடித்துக்கொண்டிருந்தார். "நல்லதுன்னா பண்ணிடலாம்."

மறுநாள் விடிந்ததும் சந்தேகம் பிடித்துக்கொண்டது. இருபத்து நாலைக் கொடுத்து மூன்றை வாங்க லூர்துசாமி என்ன இளிச்சவாயரா? அந்தப் பெண்ணுக்கு முழங்காலில் ஏதாவது கோளாறோ?

"வேண்டாம் டீச்சர். இதுல ஏதோ உள்குத்து இருக்கு."

"அப்போ வேண்டாம்."

வியாழக்கிழமை நாலு பேரிடம் விசாரித்தார். முழங்கால் கல்லு மாதிரி இருக்கிறதாம். ஓடி வந்தார். "பண்ணிடலாம் டீச்சர்!"

"சரி."

வெள்ளிக்கிழமை தவமணியையே கேட்டுப் பார்த்தார். அவள் போஸ்ட் ஆபீசில் வேலை பார்க்கிறவள், அதிகம் பேசமாட்டாள். ஷூ கயிற்றைக் கட்டிக்கொண்டே, "நீங்க எங்க ஆடச் சொல்றீங்களோ அங்க ஆடறேன் சார்," என்றாள். அவ்வளவுதான். அந்தப் பதில் வேறு அவரை அரித்துத் தின்றது.

அன்று சாயங்காலம் டீச்சர் முன்னால் வந்து நின்று வெடித்துவிட்டார்.

"என்ன டீச்சர் இது! எதைச் சொன்னாலும் சரிங்கறீங்க. ஒன்பது வருஷமா செமிஃபைனல்ல உதை வாங்கிட்டு வர்றோம். ஒரே ஒரு தடவை அந்தக் கப்பைத் தூக்கணும் டீச்சர். எனக்கு வேற ஆசையே கிடையாது. இந்த மாத்து நல்லதா, கெட்டதா? ஏதாவது ஒண்ணு சொல்லுங்க."

டீச்சர் கையை நீட்டினார். "அந்த ஸ்கோர் நோட்டைக் குடுங்க."

கொடுத்தார்.

"பேனாவையும். காலையில உடுமலைக்குப் போய் அவங்க பிராக்டிஸைப் பார்த்துட்டு வாங்க."

"நோட்டு இல்லாமலா?"

"நோட்டு இல்லாம."

சிவநேசனுக்கு அது வேட்டி இல்லாமல் தெருவில் போகச் சொன்னது மாதிரி இருந்தது. அணியின் ஸ்கோர் எழுதுவது அவர் வேலை. பந்து கூடைக்குள் விழுந்ததும் குனிந்து, அடித்தவள் பெயருக்கு நேரே குறிப்பார். நிமிர்வதற்குள் ஆட்டம் மறுகோடிக்குப் போயிருக்கும்.

சனிக்கிழமை காலை முதல் பஸ்ஸைப் பிடித்தார். உடுமலை மைதானத்தில் லூர்துசாமி அவரைப் பார்த்ததும் ஒரு நாற்காலி போட்டு, டீயும் வரவழைத்தார். அப்புறம் விசிலை ஊதினார்.

"இன்னைக்கு யாரு புள்ள தவமணி?"

பெண்கள் எல்லோரும் "ஐயோ" என்றார்கள். ஒருத்தியை ஒருத்தி முன்னால் தள்ளினார்கள். கடைசியில் ஓர் உயரமான பெண் முகத்தைச் சுளித்துக்கொண்டு வந்து கூடைக்கு முன்னால் நின்றாள்.

ஆட்டம் ஆரம்பித்தது. பந்தோடு ஓடிய எதிராளியை நிவாஷினி துரத்திக்கொண்டு வந்தாள். நின்றவள் மேல் மோதித் தடுமாறினாள். துரத்தப்பட்டவள் சாவகாசமாகப் பந்தைக் கூடைக்குள் போட்டாள். அடுத்த தடவை பந்து கூடையில் விழாமல் தெறித்தது. நிவாஷினி அதைப் பிடிக்கப் பாய்ந்தாள். நின்றவள் முதுகைக் கொடுத்து அவளை வெளியே தள்ளிக்கொண்டே போனாள். பந்து இன்னொருத்தி கையில் விழுந்தது.

"அப்படி இல்லடி! தவமணி இடது காலை முன்னாடி வெச்சுத்தான் நிப்பா. முழங்கையை ஒட்டி வெய்யி!" என்று லூர்துசாமி கத்தினார்.

எழுதக் கையில் ஒன்றுமில்லாததால் சிவநேசன் பார்த்துக்கொண்டே இருந்தார். நின்றவள் பந்தை ஒரு தடவைகூடத் தொடவில்லை. அவள் இருந்த அணி மட்டும் அடித்துக்கொண்டே இருந்தது.

"எத்தனை நாளா இப்படிப் பண்றீங்க?"

"மூணு வருஷமாங்க. உங்க மேட்சு வந்தாலே இதுதானுங்க எங்க பிராக்டிஸ்."

"எங்க சுபத்ரா மாதிரி யாரையும் நிக்க வைக்கலையா? அவதானே பதினெட்டு பாயிண்ட் அடிக்கறா?"

லூர்துசாமி சிரித்துவிட்டார். "அவளுக்கு வழி விட்டுக் குடுக்கறது யாருங்க?"

சிவநேசனுக்குக் காது வரைக்கும் சூடு ஏறியது. தவமணியின் இடது காலா, வலது காலா என்று இன்றைக்கு வரை தெரியாத தன்னை நினைத்து அவருக்கே வெட்கமாகப் போய்விட்டது.

"நிவாஷினியைக் குடுக்க மனசு வருதுங்களா?" என்று கேட்டார்.

"வரலைங்க. நாலு நாளா எனக்குச் சோறே இறங்கலை. ஆனா உங்க பொண்ணு வந்தா எங்க மத்த நாலு பேரும் நல்லா ஆடுவாங்க."

வழியில் பஞ்சராகி நின்ற பஸ் பழநிக்கு வந்து சேர்ந்தபோது மணி மூன்றரை. இறங்கி ஓட்டமும் நடையுமாக மைதானத்துக்கு வந்தார். லூர்துசாமி ஏற்கெனவே கையெழுத்திட்டு அனுப்பியிருந்த கடிதத்தை மேஜைமேல் வைத்துக்கொண்டு டீச்சர் உட்கார்ந்திருந்தார்.

"கையெழுத்துப் போட்டுடாதீங்க டீச்சர்! தவமணியைக் குடுக்கக் கூடாது. அவ போனா நாம செத்தோம்." மூச்சு வாங்க, பார்த்ததையெல்லாம் ஒன்றுவிடாமல் சொன்னார்.

டீச்சர் கடைசி வரை கேட்டார்.

"தவமணி நம்மகிட்ட எத்தனை வருஷமா ஆடறா?"

"ஆறு வருஷமா டீச்சர்."

"அவ இடது காலை முன்னாடி வெச்சு நிப்பான்னு உங்களுக்குச் சொன்னது யாரு?"

சிவநேசன் தலை குனிந்தார். "லூர்துசாமி."

டீச்சர் பேனாவைத் திறந்து கையெழுத்திட்டார். கடிதத்தை மடித்து அவர் கையில் கொடுத்தார்.

"அஞ்சு மணிக்குள்ள கொண்டுபோய்க் குடுத்துடுங்க."

"டீச்சர்!" சிவநேசன் கடிதத்தைத் திருப்பி நீட்டினார். "இனிமே நான் அவளைப் பார்த்துக்கறேன் டீச்சர். சத்தியமா பார்த்துக்கறேன்."

"பாருங்க. அடுத்த மாசம் உடுமலையோட மேட்ச் இருக்கு."

"அப்போ நம்ம டீம்?"

"நாளைக்கு பிராக்டிஸ்ல யாரையாவது தவமணியா நிக்க வைங்க," என்றார் டீச்சர்.