குதிரையின் வலப்பக்கம்

மலைமேல் ஓர் ஊர். பூண்டு விளைகிற ஊர். வீட்டிலிருந்து ரோட்டுக்கு வண்டி போகாது. குதிரைதான் போகும்.

அந்த ஊரில் ஒரு தகப்பன் சாகும்போது இரண்டு பிள்ளைகளுக்கும் சேர்த்து ஒரே ஒரு குதிரையை விட்டுப்போனான். செவலைப் பெட்டை. அதை எப்படிப் பங்கு வைப்பது? வலப்பக்கம் மூத்தவன் நல்லையனுக்கு, இடப்பக்கம் இளையவன் ஆண்டியப்பனுக்கு என்று ஊர் கூடிச் சொல்லிவிட்டது. வலப்பக்கம் தொங்கும் மூட்டை அண்ணனுடையது. இடப்பக்கம் தொங்குவது தம்பியுடையது. இரண்டும் ஒரே எடை இருக்க வேண்டும். இல்லாவிட்டால் சேணம் சரிந்துவிடும்.

அதனால் அண்ணன் தம்பிக்குள் மனஸ்தாபம் வந்து பேச்சு நின்றுபோன நாட்களில்கூட, காலையில் ஒரு பேச்சு மட்டும் நிற்கவில்லை.

"எத்தனை கிலோ?"

"நாப்பது."

"எனக்கும் நாப்பதுதான். தூக்கு."

அவ்வளவுதான். குதிரையை ஓட்டிக்கொண்டு இறங்கி ஏறுவதெல்லாம் நல்லையன் வேலை. ஆண்டியப்பனுக்கு அதில் பிரியமில்லை. அவன் பிரியமெல்லாம் சாமியின் மேல்.

சாமி ஊருக்கு மேலே புல்மேட்டில் ஒரு தகரக் கொட்டகையில் இருந்தார். எங்கிருந்தோ வந்தவர். அவருக்கு நாற்பதுகூட ஆகவில்லை. ஆண்டியப்பனுக்கு ஐம்பத்திரண்டு. "மாப்பிள்ளை வயசுல குரு பிடிச்சிருக்கான்" என்று ஊர் சிரித்தது. ஆண்டியப்பன் கண்டுகொள்ளவில்லை. தினமும் சாயங்காலம் விறகு கொண்டுபோய்ப் போட்டுவிட்டு அவர் எதிரில் உட்கார்ந்திருப்பான். அவர் பேசினால் கேட்பான். பேசாவிட்டாலும் உட்கார்ந்திருப்பான்.

ஐப்பசி மழையில் காய்ச்சல் கண்டு நல்லையன் போய்ச் சேர்ந்தான். பிள்ளை இல்லை. தம்பிதான் மொட்டை போட்டுக் கொள்ளி வைத்தான். குதிரையின் வலப்பக்கம் இனி அண்ணன் மனைவி பொம்மியம்மாவுக்கு. ஓட்டுகிற வேலை ஆண்டியப்பனுக்கு.

மார்கழி பிறந்தது. உறைபனி விழுந்தது. குளிர்காலத்துக்கென்று முளைத்த முடி குதிரையின் உடம்பெங்கும் இரண்டு விரல் நீளத்துக்கு அடர்ந்து நின்றது. ரோட்டிலிருந்து சுமையோடு ஏறி வந்தால் அந்த முடிக்குள் வேர்வை ஊறிக்கொள்ளும். அந்திக்குள் காயாது. அப்படியே பனியில் நிற்கும். நாலாம் நாள் குதிரை இருமியது. எட்டாம் நாள் தீனியில் பாதியை மிச்சம் வைத்தது.

ரோட்டில் இன்னொரு குதிரைக்காரன் சொன்னான். "முடியைக் கத்தரிச்சு விடுய்யா. வேர்வை உடனே காஞ்சிரும். மேல ஒரு கம்பளியைப் போடு. இப்படியே விட்டா தை தாண்டாது."

ஆண்டியப்பன் ஆட்டு ரோமம் வெட்டும் கத்தரியை இரவல் வாங்கிக்கொண்டு வந்தான். பொம்மியம்மா வாசலுக்கு வந்தாள்.

"வேணாம் தம்பி."

"ஏன் மதினி?"

"பங்குனியில தானா உதிரும். அதுவரைக்கும் விட்டுருங்க."

"குதிரை இருமுது மதினி."

அவள் உள்ளே போய்விட்டாள்.

காலையில் அவள் குதிரையண்டை நிற்பதை ஆண்டியப்பன் பார்த்திருக்கிறான். இரண்டு கையையும் அதன் வலது விலாவில், முடிக்குள் புதைத்துக்கொண்டு நிற்பாள். குளிருக்கு என்று நினைத்தான். தன் கை சூட்டுக்காகக் குதிரையைச் சாகக் கொடுக்கிறாளே என்று கோபம் வந்தது.

சாமியிடம் போனான்.

"சாமி, கத்தரிக்கலாமா, வேணாமா?"

"உன் மதினி என்ன சொல்றாங்க?"

"வேணாங்குது."

"ஏன்?"

"கேட்டேன் சாமி. வாயே திறக்கல."

"உக்காந்து கேட்டியா, நின்னு கேட்டியா?"

ஆண்டியப்பனுக்கு இது என்ன கேள்வி என்று இருந்தது. "நின்னுதான் கேட்டேன்."

சாமி விறகை அடுக்க ஆரம்பித்தார்.

திரும்பும் வழியில் டீக்கடையில் இதைச் சொல்லி அலுத்துக்கொண்டான். கடைக்காரன் சிரித்தான். "இதுக்கு எதுக்குய்யா சாமி? இடப்பக்கம் உன் பங்குதானே? உன் பங்கை நீ செரைச்சுக்க. யாரு கேப்பா?"

கடையில் இருந்த எல்லாரும் சிரித்தார்கள். ஆண்டியப்பன் சிரிக்கவில்லை. அது நியாயமாகத்தான் பட்டது அவனுக்கு.

மறுநாள் மத்தியானம் குதிரையின் முதுகெலும்பை ஒட்டி ஒரு கயிற்றைப் போட்டு நேராக இழுத்துக் கட்டினான். பங்கில் தப்பு வரக்கூடாது. கயிற்றுக்கு இந்தப் பக்கம் முழுவதையும் கத்தரித்தான். கழுத்து, தோள், விலா, தொடை. செவலை முடி காலடியில் குவிந்தது.

பொம்மியம்மா கதவைத் திறந்து தரையைப் பார்த்தாள்.

"வலப்பக்கம் தொடலையே தம்பி?"

"தொடுவனா மதினி? உங்க பங்கு அப்படியே இருக்கு."

"சரி" என்றாள். கதவைச் சாத்திக்கொண்டாள்.

விடிந்தபோது குதிரை மொட்டைப் பக்கத்தைப் பொம்மியம்மா வீட்டுச் சுவரோடு ஒட்டிவைத்து நின்றது. இடப்பக்கத் தோல் விடாமல் நடுங்கியது. போட்ட கம்பளி கீழே கிடந்தது. ஆண்டியப்பன் சுமை ஏற்றினான். எத்தனை கிலோ என்று கேட்டான். நாற்பது என்று உள்ளிருந்து பதில் வந்தது.

இறங்கும்போது ஒன்றும் ஆகவில்லை. அரிசி மூட்டைகளோடு ஏறும்போது, எடை சமமாக இருந்தும், முடி இல்லாத பக்கமாகச் சேணம் வழுக்கியது. குதிரை இழுபட்டு முன்னங்கால் மடிந்து பாறையில் விழுந்தது. முட்டி கிழிந்தது.

ஆண்டியப்பன் சுமையை வழியிலேயே இறக்கிப் போட்டுவிட்டு, குதிரையை நேரே சாமியின் கொட்டகைக்கு நடத்திப் போனான்.

"ஒரு பக்கம் நடுங்குது. ஒரு பக்கம் வேர்வை சொட்டுது. மிச்சத்தையும் எடுத்தாத்தான் பொழைக்கும். நீங்க வந்து மதினிகிட்ட ஒரு வார்த்தை சொல்லுங்க சாமி. நீங்க சொன்னா கேப்பாங்க."

சாமி குதிரையின் முட்டியைக் குனிந்து பார்த்தார். பிறகு கயிற்றைத் தான் வாங்கிக்கொண்டு இறங்கினார்.

வெயில் இன்னும் மேட்டில் இருந்தது. களத்தில் குதிரையைக் கட்டிவிட்டு, பொம்மியம்மா வாசலுக்கு எதிரே மண் தரையில் சாமி உட்கார்ந்தார். கூப்பிடவில்லை. ஆண்டியப்பன் நின்றான். சாமி நிமிர்ந்து பார்த்தார். அவனும் உட்கார்ந்தான்.

கொஞ்ச நேரம் கழித்துப் பொம்மியம்மா வந்து நிலைப்படிக்கு உள்பக்கமாக உட்கார்ந்தாள். புருஷனை இழந்தவள் மூன்று மாதத்துக்கு அந்தி வேளையில் நிலைப்படி தாண்டக்கூடாது என்பது அந்த ஊர் வழக்கம். அந்திக்கு நேரம் இருந்தது. ஆனாலும் அவள் தாண்டவில்லை. குதிரையின் முட்டியைப் பார்த்தாள். அவளாகவே பேசினாள்.

"இந்த முடி புரட்டாசியில முளைச்சது தம்பி. அப்ப அவரு இருந்தாரு."

அவள் பார்வை குதிரையின் வலது விலாவுக்குப் போயிற்று.

"முளைக்க முளைக்கத் தடவிக்கிட்டே இருப்பாரு. கை வெறைச்சுப் போச்சுன்னா அந்த விலாவுலதான் விட்டுக்குவாரு. அவரு வேட்டி, சட்டை, படுத்த கம்பளி, எல்லாத்தையும் நீங்கதான் தம்பி ஓடையில விட்டீங்க. அவரு கைபட்டதுன்னு வேற என்ன இருக்கு? பங்குனியில தானா உதிர்ந்துரும். அப்ப நான் ஒண்ணும் சொல்ல முடியாது. அதுவரைக்கும்தான் கேட்டேன்."

"சொல்லியிருக்கலாமே மதினி."

"கத்தரியைக் கையில வெச்சுக்கிட்டு நின்னீங்க."

ஆண்டியப்பன் தலையைக் குனிந்துகொண்டான்.

அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். "குதிரைக்கு ஆகாதுன்னா எடுத்துருங்க. உசிரு இருக்கட்டும். நான் உள்ள போயிக்கறேன். எடுக்குறப்ப பாக்க மாட்டேன்."

எழுந்து உள்ளே போனாள். கதவைச் சாத்தவில்லை.

திருப்பிக் கொடுக்கவென்று காலையில் எடுத்த கத்தரி இடுப்பிலேயே இருந்தது. ஆண்டியப்பன் அதைத் தொடவில்லை. குதிரை இருமியது.

"இப்ப என்ன சாமி செய்யட்டும்? எடுத்தா மதினிக்கு ஒண்ணுமில்லாமப் போயிரும். விட்டா குதிரை போயிரும்."

"போன மார்கழியில இந்த முடி இருந்துச்சா?"

"இருந்துச்சு."

"இருமிச்சா?"

ஆண்டியப்பன் யோசித்தான். "இல்ல."

"அதுக்கு முந்தின மார்கழியில?"

"இல்ல சாமி. இருமினதே இல்ல."

"அப்பவும் சுமையோடதானே ஏறுச்சு?"

"ஆமா."

"வந்ததும் உங்கண்ணன் என்ன செய்வான்?"

ஆண்டியப்பன் களத்தோரத்து வைக்கோல் போரைப் பார்த்தான்.

"வைக்கோலைச் சுருட்டி வெச்சுக்கிட்டுத் தேய்ப்பான். முடி காயற வரைக்கும் தேய்ப்பான். விளக்கு வெச்ச பிறகும் தேய்ச்சுக்கிட்டு இருப்பான். இவனுக்கு வேற வேலையில்லன்னு நினைச்சுக்கிட்டே நான் இந்த வழியாத்தான் போவேன்."

"நீ வந்ததும் என்ன செய்வே?"

"கட்டிப் போட்டுட்டு..." அவன் நிறுத்தினான். "கட்டிப் போட்டுட்டு நேரா உங்ககிட்டத்தான் சாமி வருவேன்."

சாமி இதைக் கேட்டுவிட்டுத் தரையைப் பார்த்தார். அவர் முகமும் வாடிப்போயிற்று.

பிறகு மெல்லக் கேட்டார். "எந்தப் பக்கம் தேய்ப்பான்?"

ஆண்டியப்பன் கத்தரியை இடுப்பிலிருந்து உருவிக் கீழே வைத்தான்.

"ரெண்டு பக்கமும் சாமி" என்றான். "என் பக்கமும்."

அவன் அழுதான். அண்ணனுக்குக் கொள்ளி வைத்த அன்றுகூட அவன் அப்படி அழவில்லை.

சாமி தன் மேல் இருந்த போர்வையை எடுத்துக் குதிரையின் மொட்டைப் பக்கத்தில் போட்டு, கயிற்றால் கட்டினார். மேட்டில் இருந்த வெயில் இறங்கிக்கொண்டிருந்தது. போரிலிருந்து ஒரு பிடி வைக்கோலை உருவிச் சுருட்டி ஆண்டியப்பனிடம் நீட்டினார்.

"எழுந்திரு. அந்தப் பக்கம் இன்னும் ஈரமா இருக்கு."