பட்டம் சொல்லி வீசிய தூண்டில்

நீலகிரியில் சாலை முடிந்த பிறகும் வெகுதூரம் நடந்தால்தான் அந்த ஏரி வரும். அங்கே காவலுக்கு ஜோகி ஒருவன்தான். பேச ஆளில்லாமல் அவன் குரலே கரகரத்துப் போயிருந்தது.

ஒருநாள் மீன்பிடி மன்றத் தலைவர் சொக்கநாதன் விருந்தாளிகளோடு வந்தார். டிரவுட் மீனுக்காக அவர் தூண்டில் கயிற்றின் நுனியில் ஜோகி இறகால் கட்டிய பொய்ப்பூச்சி இருந்தது. ஆழத்துக்குப் போகட்டும் என்று அதில் ஈயக்குண்டும் சேர்த்திருந்தது. தலைவர் தூண்டிலைப் பின்னால் வீசினார், உடனே முன்னால் இழுத்தார். கயிறு பின்னால் முழுக்க நீள்வதற்குள் திரும்பிய குண்டு அவர் தொப்பியிலேயே அடித்தது. மறுபடியும் அதே தொப்பி.

"கட்டினது நீதானேடா? அடுத்த வீச்சுல இது தண்ணிக்குப் போகலைன்னா நீ மலையை விட்டு இறங்கிடணும்!" என்று ஜோகியிடம் கத்தினார்.

மலைக்குக் கீழே ஜோகிக்கு யாரும் இல்லை.

"பூச்சி மேலதான் தப்புங்க ஐயா. வீசுறது யாருன்னு அதுக்குத் தெரியலை. பக்கவாட்டுல அகலமாப் பின்னால வீசிட்டு, உங்க பட்டமெல்லாம் சொல்லுங்க. சொல்லி முடிச்சதும் தலைக்கு மேலா முன்னால வீசுங்க."

தலைவருக்கு அது நியாயமாகவே பட்டது.

"செயல்வீரர், கொடைவள்ளல், மன்றத் தலைவர் சொக்கநாதன்!"

அதற்குள் கயிறு பின்னால் முழுக்க நீண்டிருந்தது. குண்டு ஏரிக்குள் தூரப் போய் விழுந்தது.

"அடடா, பட்டமெல்லாம் இதுக்காவது உதவுதே!" என்றார் ஒரு விருந்தாளி. எல்லோரும் சிரித்தார்கள்.

தலைவர் முகம் சிவந்தது. "உனக்கு ஏதுடா பட்டம்? நீ என்னத்தைச் சொல்லி வீசுவே?"

"எதிர்மலையைப் பார்த்து, 'யாராச்சும் இருக்கீங்களா'ன்னு கூப்பிடுவேங்க. எதிரொலி வந்ததும் வீசுவேன்."

யாரும் சிரிக்கவில்லை. சாயங்காலம் எல்லோரும் இறங்கிப் போனார்கள். ஏரிக்கரையில் ஜோகி இருந்தான், எதிரொலியும் இருந்தது.