பதினாறு ஒட்டு

"மேடம், இந்தப் பிரவுசரோட என்னால மாரடிக்க முடியல. வேலையை விட்டுடறேன்."

மூன்று நாளாகத் தனுஷ்கோடிக்கு இதே பாட்டு. வெப் பக்கம் வடிவமைக்கிறவர், நாற்பத்தாறு வயது. அவருக்குத் தொழில் கற்றுக்கொடுக்கும் மங்கையர்க்கரசி பத்து வயது சின்னவர்.

"என்ன ஆச்சு?"

"விடுதி இடத்துக்கு விண்ணப்பிக்கிற பக்கம். கம்ப்யூட்டர்ல எந்தப் பிரவுசர்லயும் பிரச்சினை இல்ல. இந்தப் பழைய போன் பிரவுசர்ல மட்டும் அனுப்புற பட்டன் கீழே இறங்கி, பக்கத்தோட அடியில இருக்கிற பட்டைக்குள்ள ஒளிஞ்சுக்குது."

"யார் சொன்னா?"

"இசக்கியம்மாள்னு ஒரு பொண்ணு. இதே போன்தான் வச்சிருக்கா. மூணு நாளாக் கூப்பிடறா, இன்னிக்குக் காலையிலேருந்து மட்டும் நாலு தடவை. இன்னிக்கு அஞ்சு மணியோட கடைசி. விடுதி இல்லேன்னா காலேஜே வேண்டாம்னு வீட்ல சொல்லிட்டாங்களாம்."

மணி மூன்றே முக்கால்.

"நீங்க என்ன பண்ணீங்க?"

"இந்தப் பிரவுசருக்கு மட்டும் தனியா ஒரு ஒட்டுப் போட்டேன். பட்டன் மேல வந்துச்சு, பேர் எழுதற கட்டம் காணாமப் போச்சு. அதுக்கு இன்னொரு ஒட்டு. இப்பப் பதினாறு ஆச்சு. சனியன், ஒண்ணை இழுத்தா ஒண்ணு விழுது. அலுத்துப்போச்சு மேடம்."

அழுதுவிடுவார் போலிருந்தது, பாவம்.

மங்கையர்க்கரசி அவர் நாற்காலியில் உட்கார்ந்தார். பதினாறையும் அழித்தார்.

"ஐயோ!"

கம்ப்யூட்டரில் பக்கத்தைத் திறந்தார். பக்கம் ஆங்கிலத்தில் வந்தது. ‘சப்மிட்’ பட்டன் இடத்திலேயே இருந்தது.

"பாருங்க, இங்க ஒழுங்காத்தானே இருக்கு!"

மேல் மூலையில் ‘தமிழ்’ என்று இருந்ததை அழுத்தினார்.

‘விண்ணப்பத்தைச் சமர்ப்பிக்கவும்’ என்ற நீளத்துக்கு இடம் போதவில்லை. பட்டன் இறங்கிப் பட்டைக்குள் போய்விட்டது.

இன்னொரு பிரவுசரைத் திறந்தார். அங்கேயும் அதே கதை. மூன்றாவதிலும் அப்படியே.

தனுஷ்கோடி கையிலிருந்த போனைப் பார்த்தார். அது தமிழில் வைத்திருந்த போன். பக்கமும் அதில் தமிழிலேயே திறந்துகொண்டிருந்தது.

"பட்டனுக்கு இவ்வளவு இடம்னு யார் வச்சது?"

"நான்தான். சப்மிட்டுக்கு அளந்து வச்சேன்."

மங்கையர்க்கரசி அந்த அளவை எடுத்துவிட்டார். பட்டன் மேலே ஏறியது.

தனுஷ்கோடி பதறிக்கொண்டு போன் போட்டார். "இப்ப அமுக்கிப் பாரும்மா."

"போயிடுச்சு சார்! போயிடுச்சு!"

அப்பாடா என்று சுவரில் சாய்ந்தார்.

"தமிழ்ல திறந்துட்டு அனுப்பாமப் போனவங்க எத்தனை பேர்னு பாருங்க" என்றார் மங்கையர்க்கரசி.

பார்த்தார். முகம் செத்துப்போயிற்று.

"முந்நூத்திப் பன்னிரண்டு."

"கூப்பிட்டுச் சொன்னது?"

"இந்தப் பொண்ணு ஒருத்திதான், மேடம்."