கரைந்த வேர்

பல் டாக்டர் இசக்கிமுத்துவுக்கு ஐம்பது வயது. ஊரே அவரிடம் வாயைத் திறந்து காட்டும். அவர் மனதைத் திறப்பது, கல்லூரியில் தனக்குப் பாடம் எடுத்த எஸ்தர் மேடத்திடம் மட்டும்தான். அன்று காலையிலேயே ஒரு எக்ஸ்ரே படத்தோடு மேடம் வீட்டில் வந்து நின்றார். முகம் செத்துப் போயிருந்தது.

மேடம் படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். மேல் முன்பற்கள் நான்கு. வரிசை அழகாகத்தான் இருந்தது. உள்ளே வேர்கள் பாதி கரைந்திருந்தன.

"யாருது?"

"புனிதான்னு ஒரு டீச்சர். கல்யாணத்துக்குள்ள பல்லை நேராக்கணும்னு கேட்டா. கிளிப் போட்டு வேகமா இறுக்கிட்டேன், அதுல வேர் கரைஞ்சிருச்சு. நேத்துதான் கழட்டினேன். என்ன வைத்தியம் செய்யலாம் மேடம்?"

மேடம் நிதானமாகச் சொன்னார். கழற்றியது நல்லது. பற்களின் பின்பக்கம் மெல்லிய கம்பி ஒட்டி ஒன்றோடொன்று சேர்த்துப் பிடிக்கலாம். அவ்வப்போது படம் எடுத்துப் பார்க்கலாம். நரம்பு செத்தால் வேர் சிகிச்சை. ஆட்டம் கண்டுவிட்டால் பிடுங்கிவிட்டுச் செயற்கைப் பல். கரைந்த வேர் மட்டும் எதற்கும் திரும்ப வளராது.

"அவளுக்கு வலிக்குதாமா?"

"இல்ல. அவளுக்கு எதுவும் தெரியாது."

"முந்தின படம் எங்க?"

இசக்கிமுத்து தயங்கித் தயங்கிச் சட்டைப்பையிலிருந்து இன்னொன்றை எடுத்தார். ஆறு மாதத்துக்கு முன் எடுத்தது. அதிலேயே வேர்நுனிகள் மழுங்கத் தொடங்கியிருந்தன. அப்போதே பார்த்தாயா என்று மேடம் கேட்கவில்லை. கேட்டிருந்தால் இசக்கிமுத்துவும் ஏதாவது சப்பைக்கட்டு கட்டியிருப்பார்.

"நிறுத்தினா வருத்தப்படுவாளேன்னு சொல்லாம விட்டுட்டேன்," என்றார் அவராகவே. "நேத்து எனக்கு அல்வா கொண்டுவந்து குடுத்தா. இப்பதான் வாயைக் கையால பொத்தாம சிரிக்கா மேடம்."

அவள் திட்டியிருந்தால்கூட இந்த மனிதருக்கு நேற்று ராத்திரி தூக்கம் வந்திருக்கும்.

மேடம் இரண்டு படங்களையும் ஒரே உறையில் போட்டார். மேலே புனிதாவின் பெயரை எழுதி நீட்டினார்.

இசக்கிமுத்து அதை வாங்கவில்லை. "இதுல எந்த வைத்தியத்தைச் செய்யட்டும்? அதை மட்டும் சொல்லுங்க."

"ஆறு மாசத்துக்கு முன்னாடி நீயே முடிவு பண்ணின. இப்ப அவளை விட்டுட்டு நாம ரெண்டு பேரும் உக்காந்து முடிவு பண்ணுதோம். பல்லு யாருது, இசக்கி?"