காலியாக விட்ட வரி

வீடுகளுக்கு நெட்வொர்க் போட்டுக் கொடுப்பது ஜெபக்கனியின் தொழில். வயது முப்பத்திரண்டு. அவளிடம் வேலை கற்க வந்த வேலாயுதத்துக்கு ஐம்பத்தாறு. முப்பது வருஷம் மில்லில் எலக்ட்ரீஷியனாக இருந்தவர். அவர் அவளை டீச்சர் என்பார். அவள் அவரை அண்ணாச்சி என்பாள்.

அன்றைக்கு வேலாயுதத்தின் கை ஓரிடத்தில் நிற்கவில்லை. ஸ்குரூ டிரைவரை எடுப்பார், வைப்பார். சட்டைப்பையிலிருந்து போனை எடுத்துப் பார்ப்பார். மருமகளுக்கு இந்த வாரம் பிரசவம் என்று யாரோ சொல்லித்தான் அவருக்குத் தெரியும். மகன் ராஜா பேசி ஒன்றரை வருஷம் ஆகிறது. சொல்லாமல் கல்யாணம் பண்ணிக்கொண்டு வந்து நின்ற அன்று, இனி என் வாசலை மிதிக்காதே என்று சொன்னவர் இவர்தான். இப்போது ஒரு மாதமாகத் தினமும் காலையில் மகனுக்குச் செய்தி அனுப்புகிறார். சாப்பிட்டியா. அங்கே மழையா. அந்தப் பிள்ளைக்கு எப்படி இருக்கு. படித்துவிட்டான் என்று நீலக் குறி விழும். பதில் வராது. பிள்ளை பெற்றவர்களுக்கு அந்தக் குறியைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை.

வேலை மைமூனம்மா வீட்டில். அவர் மகன் தன் வேலைக்கென்று மாடிக்குத் தனி ரவுட்டர், தனி நெட்வொர்க் வைத்திருந்தான். கீழே வேறொன்று. குடும்பத்துப் படங்களெல்லாம் மாடியில் ஒரு ஃபைல் சர்வர் பெட்டியில் இருந்தன. போன வாரம் அதை வைத்துக் கொடுத்தது வேலாயுதம்தான். மாடியில் படங்கள் திறந்தன. கீழே திறக்கவில்லை. முட்டி ஆப்பரேஷன் ஆன மைமூனம்மாவால் படியேற முடியாது.

வேலாயுதம் கீழ் ரவுட்டரை நாலு தடவை அணைத்துப் போட்டார். ஒயரை மாற்றினார். பாஸ்வேர்டை மாற்றினார். ஒவ்வொன்றுக்கும் ஒரு தடவை மாடிக்கு ஓடினார்.

"நீங்க ஏறி எறங்குறதப் பாத்தா எனக்கு முட்டி நோவுது," என்றார் மைமூனம்மா.

பதினொரு மணிக்கு ஜெபக்கனி வந்தாள். எதையும் தொடவில்லை. அவர் சொன்னதையெல்லாம் கேட்டாள். கீழேயிருந்து படம் கேட்பது பெட்டிக்குப் போகவே இல்லை என்பது அவர் முடிவு.

அவரை மாடிக்குக் கூட்டிப்போய்த் தன் லேப்டாப்பில், பெட்டியிடம் யார் படம் கேட்டாலும் ஒரு வரியாகக் காட்டும் பக்கத்தைத் திறந்து வைத்தாள். படியோரம் நின்று, மைமூனம்மாவை ஒரு படத்தைத் திறக்கச் சொன்னாள்.

திரையில் ஒரு வரி விழுந்தது. கீழேயிருந்து வந்த கேள்வி. இன்னொரு தடவை திறக்கச் சொன்னாள். இன்னொரு வரி.

வேலாயுதத்துக்குக் கோபம் வந்தது. "எல்லாத்தையும் கேட்டுக்கிட்டுப் பேசாம இருக்கு. திமிர் பிடிச்ச பெட்டி."

ஜெபக்கனி அவரிடம் கேட்டாள்.

"மில்லுல டெஸ்டர் எரியுது, பல்பு எரியல. எதப் பாப்பீங்க அண்ணாச்சி?"

"நியூட்ரல். வந்த கரண்ட் திரும்பிப் போக வழி வேணும்லா..."

பாதியில் நிறுத்தினார்.

அவள் வேறொரு பக்கத்தைத் திறந்து லேப்டாப்பை அவர் பக்கம் திருப்பினாள். பெட்டியை வைத்தபோது போன வாரம் அவரே நிரப்பிய பக்கம். பெட்டியின் எண் இருந்தது. அதற்குக் கீழே, மாடிக்கு வெளியே இருப்பவர்களுக்குப் பதில் எந்த வழியாகப் போகவேண்டும் என்று எழுதும் வரி காலியாக இருந்தது.

வீட்டுக்குள்ளே கிடக்கும் பெட்டிக்கு வெளியே என்ன வேலை என்று அவர்தான் அதைக் காலியாக விட்டிருந்தார். மில்லில் தேவையில்லாத கனெக்‌ஷன் ஒன்றுகூட அவர் கொடுத்ததில்லை. அதில் அவருக்குப் பெருமை உண்டு.

அந்த வரியில் மாடி ரவுட்டரின் எண்ணை அவரே எழுதினார். கீழ்த்தளத்துக்குப் போகும் வழி அந்த ரவுட்டருக்குத் தெரியும்.

கொஞ்ச நேரத்தில் கீழேயிருந்து மைமூனம்மாவின் குரல் வந்தது. எம் மவன் மூணு வயசுல வாயெல்லாம் அல்வாவோட நிக்கான், வந்து பாருங்க என்று கூப்பிட்டார்.

இறங்கும்போது பாதிப் படியில் வேலாயுதம் போனை எடுத்தார். காலையில் அனுப்பியதற்கும் நீலக் குறி விழுந்திருந்தது. அங்கேயே உட்கார்ந்துவிட்டார்.

"பெட்டிக்கு வழி தெரியல, சரி. இவனுக்கு என்ன டீச்சர்? பிள்ளை பொறந்துச்சா இல்லையான்னு ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா? நான் எழுதுனதுல என்ன கொறை, நீங்களே பாருங்க."

ஜெபக்கனி அவருக்குக் கீழ்ப்படியில் உட்கார்ந்து போனை வாங்கினாள். ஒரு மாதத்துச் செய்திகளையும் மேலிருந்து கீழே நிதானமாகப் படித்தாள். திருப்பி அவர் கையில் கொடுத்தாள்.

"எல்லாம் போய்ச் சேந்திருக்கு அண்ணாச்சி," என்றாள். "வீட்டுக்கு வாங்கன்னு மட்டும் எங்கயும் இல்ல."

அன்றைக்கு முதல் தடவையாக வேலாயுதத்தின் கை அசையாமல் இருந்தது.